ஏரியை இறக்குவீர்களா, மிஸ்டர் ஹேம்ப்ரிக்?

இருபத்தாறு வருடமாக நான் பொய் செனட்டர். அணைகள், கால்வாய்கள் துறையில் எனக்கு வேறு வேலை இருக்கிறது, சம்பளம் அதற்குத்தான். ஆனால் ஆட்சி மாறும்போதெல்லாம் புது அமைச்சரை ஏற்பதா வேண்டாமா என்று செனட் நடத்தும் விசாரணைக்குத் தயார்ப்படுத்த ஆள் வேண்டுமே. மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் மேசைகளை லாடம்போல வளைத்துப் போட்டு, நாங்கள் நாலைந்து பேர் செனட்டர்களாக வேஷம் கட்டி உட்கார்ந்து, நடுவில் அந்த மனுஷரை உட்கார வைத்து வறுத்தெடுப்போம். வாஷிங்டனில் இதற்குக் கொலை மேடை என்று செல்லப் பெயர். எங்கள் துறையின் கொலைகாரி நான். வெர்னிஸ் காடில் என்ற என் பெயரைக் கேட்டால் ஒரு முன்னாள் அமைச்சருக்கு இன்றும் வியர்க்கும் என்று சொல்வார்கள். கேட்க எனக்கு இனிக்கத்தான் செய்யும்.

அந்த டிசம்பரில் எங்கள் கட்டடத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. வரப்போகிற அதிபர் தினமும் சாயங்காலம் தன் கைபேசியில் ஒரு அமைச்சர் பெயரை அறிவிப்பார். நாங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல், ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ஒரு துறைக்கு மெத்தை விற்பவர். இன்னொன்றுக்கு அதிபரோடு கோல்ஃப் ஆடுபவர். வெளிநாட்டு விவகாரங்களைப் பார்க்க, ஒரே ஒரு தடவை கனடா போய்விட்டுக் குளிர் தாங்காமல் திரும்பி வந்தவர். வரப்போகிறவரே அதிபராகத் தாக்குப்பிடிப்பாரா என்ற சந்தேகம் எங்களுக்கு ஏற்கெனவே உண்டு. அதன் மேல் இந்தப் பரிவாரம் வேறு.

"நம்ம துறைக்கு யாரு வருவாங்கன்னு நெனக்கிற?" என்று கேட்டார் மார்க்கஸ் ஓடெல். துறை வக்கீல், கொலை மேடையில் என் பக்கத்து நாற்காலிக்காரர், என்னைவிடக் கெட்ட வாய்.

"நீச்சல் தெரிஞ்ச ஆளா வந்தா போதும்."

"ரொம்பப் பேராசப்படாத, வெர்னிஸ்."

மறுநாள் சாயங்காலம் எங்கள் முறை வந்தது. லைல் ஹேம்ப்ரிக். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைக்காட்சியில் வருவாரே, மீன் பிடிக்கும் நிகழ்ச்சி, அவர்தான். அதிபர் ஒருமுறை அவர் படகில் போய்ப் பெரிய மீன் ஒன்றைப் பிடித்தாராம். அந்த மீனைத் தூண்டிலில் மாட்டிவிட்டது லைல்தான் என்று ஊர் சொல்லும். தகுதி அவ்வளவுதான்.

ஓடெல் திரையைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். "நீச்சல் தெரியும். சந்தோஷமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. காரணம் பெர்ரிமன் அணை.

கென்டக்கி மலைக்குள் இருக்கிற பழைய அணை அது. இரண்டு வருடத்துக்கு முன் விரிசல் கண்டது. வசந்த மழைக்கு முன் ஏரியை இருபது அடி இறக்கிவிட்டால் பயமில்லை, இறக்காவிட்டால் உத்தரவாதம் இல்லை என்று எங்கள் பொறியாளர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் அமைச்சர். ஆனால் அந்த ஏரிக்கரை முழுக்கப் பணக்காரர்களின் கோடை வீடுகள். தண்ணீர் இறங்கினால் அவர்கள் படகுத்துறையெல்லாம் சேற்றில் நிற்கும். பதவி முடிந்து போகிற அமைச்சர் ஆப்டன் நல்ல மனிதர், அதாவது யாரோடும் சண்டைக்குப் போகமாட்டார். "போற நேரத்துல பெரிய கையெழுத்து போடுறது மரபில்ல. வர்றவர் கையக் கட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

அணைக்குக் கீழே இருக்கிற ஊர் ஸ்லேட் ஃபோர்க். நான் பிறந்த ஊர். ஆற்றோரத்தில் முதல் வீடு என் தம்பி டெல்பர்ட்டும் அவன் மனைவி ஓப்பலும் இருக்கிற வீடு. இதை நான் முன்பே எழுத்தில் தெரிவித்து, பெர்ரிமன் சம்பந்தப்பட்ட எதிலும் தலையிடாமல் ஒதுங்கியிருந்தேன். துறையின் ஒழுங்கு அப்படி. யாரிடமும் சிபாரிசு செய்ய முடியாது. உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கலாம்.

டெல்பர்ட் அன்றைக்கே போன் செய்தான். "டிவில வர்ற அந்த ஆளா? அருமையா மீன் பிடிப்பாரு, வெர்னி. நாங்க மீனாப் பொறந்திருந்தா கவலையே இல்ல."

லைல் ஹேம்ப்ரிக் எங்கள் கட்டடத்துக்கு வந்த நாளில் வாசலிலிருந்து லிஃப்ட் வரைக்கும் வந்து சேரவே அரை மணி ஆயிற்று. காவலாளி அவருடைய ரசிகராம். எந்தப் புழுவுக்கு எந்த மீன் என்று இருவரும் அங்கேயே நின்று பேசியிருக்கிறார்கள். மேலே வந்தபோது கையில் இரண்டு டஜன் டோனட். வெயிலில் காய்ந்த முகம், பெரிய பல், பெரிய கை. கூடவே சிட்னி வோஸ் என்ற பெண், அதிபரின் பிரசார ஆபீசிலிருந்து காவலுக்கு அனுப்பப்பட்டவள். சிரிப்பதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டியவள்போல இருந்தாள்.

"மேடம், ஒரு சந்தேகம். கலங்கரை விளக்கமெல்லாம் நம்ம துறைதானே?" என்று கேட்டார் லைல்.

"இல்ல சார்."

"ஐயய்யோ! ரெண்டு நாளா ஒக்காந்து அதத்தான் படிச்சேன்!" என்று தொடையில் அடித்துக்கொண்டு அவரே சிரித்தார். சிட்னி கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் கொலை மேடை அன்றைக்கே நடந்தது. நான் தலைமை செனட்டர். மரச் சுத்தியல் என் கையில். கேள்வி மேல் கேள்வியாக விட்டேன். வெள்ளக் காப்பீடு? தெரியாது, மேடம். கால்வாய்ச் சுங்கம்? அதுவும் தெரியாது. துறையில் மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? "கீழ இருக்க காவலாளி ஒருத்தர நல்லாத் தெரியும்." மூஞ்சியில் வெட்கமே இல்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாத்தியாருக்கும் செல்லப்பிள்ளையாக இருந்த ஆள் என்று தெரிந்தது. இவரிடமா நாட்டின் அணைகளைக் கொடுக்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியாக, ஓடெல் எழுதி வைத்திருந்த கேள்வி. "பெர்ரிமன் ஏரியை வசந்த மழைக்கு முன்னால் இறக்குவீர்களா, மிஸ்டர் ஹேம்ப்ரிக்?"

அவர் முதல் தடவையாகச் சிரிப்பை நிறுத்தினார். "பெர்ரிமனா? ஏப்ரல்ல என் பெரிய மீன்பிடிப் போட்டி அங்கதான் நடக்கும். வருஷத்துல எங்களுக்குச் சோறு போடுறதே அதுதான்." தலையைச் சொறிந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அந்த அணைக்குக் கீழ யாராச்சும் குடியிருக்காங்களா?"

நான் சுத்தியலால் மேசையில் ஓங்கி ஒரு போடு போட்டேன். "இங்கே கேள்வி கேட்கிறவள் நான், மிஸ்டர் ஹேம்ப்ரிக்!"

எல்லாரும் சிரித்தார்கள். கொலை மேடையில் அதுதான் முதல் பாடம். செனட்டரிடம் எதிர்க் கேள்வி கேட்டவர் தேறியதாகச் சரித்திரம் இல்லை. இருபத்தாறு வருடப் பழக்கம், என் வாய் தானாகவே சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த மனிதர் அன்று முழுக்கக் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. கீழே யார் இருக்கிறார்கள் என்பதற்குப் பதில் அந்த அறையிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் அவர் வாயை அடைத்துவிட்டு டோனட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து பயிற்சி. தெரியாது என்ற சொல்லை மறந்துவிட வேண்டும். கேள்வி வந்தால் மூன்று வாக்கியம். 'நல்ல கேள்வி, செனட்டர்.' 'அதை ஆழமாகப் பார்ப்பேன்.' 'உங்களோடு சேர்ந்து பணியாற்ற ஆவலாக இருக்கிறேன்.' இந்த மூன்றையும் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு நான் கரையேற்றாத ஆளே கிடையாது. லைல் தொலைக்காட்சிக்காரர் அல்லவா, கப்பென்று பிடித்துக்கொண்டார். கிறிஸ்துமஸ் வருவதற்குள் மனிதர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகிவிட்டார்.

ஒருநாள் நடுவில் அவர் மனைவி டார்லா கூப்பிட்டாள். பண்டிகைக்கு வீட்டுக்கு வருவாரா மாட்டாரா என்று கேட்டிருக்கிறாள்.

"நல்ல கேள்வி, டார்லா. அத ஆழமாப் பாக்குறேன்" என்றார் லைல். பிறகு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "வச்சுட்டா."

"சேர்ந்து பணியாத்துறதச் சொல்லாம விட்டுட்டீங்க. அதான்" என்றார் ஓடெல்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும்தான். அவரை வெறுக்கவே முடியவில்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசி ஒத்திகையில் பெர்ரிமன் கேள்வியை மறுபடி கேட்டேன். லைல் என் கண்ணைப் பார்த்து, கையை லேசாக விரித்து, நிதானமாகப் பதில் சொன்னார். பாதுகாப்பு முக்கியம் என்றார். ஏரியும் முக்கியம் என்றார். பொறியாளர்களை மதிப்பேன் என்றார், கரையோர மக்களையும் மதிப்பேன் என்றார். ஏரி இறங்குமா இறங்காதா என்பதற்கு அதில் ஒரு துளி தடயம் இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். சிட்னிகூடத் தட்டினாள்.

நான் தட்டவில்லை. இந்த ஆள் என் தம்பி வீட்டைக் காப்பாற்றுவாரா மாட்டாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க முடியாதபடி அவரைச் செதுக்கியதே நான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையைக் கேட்டிருக்கிறேன். நான் குரங்கு பிடித்து, அதற்குப் பட்டாபிஷேகமும் செய்து வைத்திருந்தேன்.

மத்தியானம் தெருவோர வண்டியில் தொத்திறைச்சி ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தவரைப் பிடித்தேன். "சார், வேஷமெல்லாம் வேணாம். சும்மா கேக்குறேன். பெர்ரிமன எறக்குவீங்களா?"

"நல்ல கேள்வி, மேடம். அத ஆழமா..." என்று ஆரம்பித்துவிட்டு, தன் வாயிலிருந்து வந்தது தனக்கே கேட்டு நிறுத்தினார். கடுகுச் சாறு சட்டையில் சொட்டியது. "மன்னிச்சுக்குங்க. சிட்னி சொல்லியிருக்கா, அந்த ஏரியப் பத்தி மட்டும் மூச்சு விடக் கூடாதுன்னு. கரையில வீடு வச்சிருக்கவங்க எல்லாரும் தேர்தலுக்கு அள்ளிக் கொடுத்தவங்களாம்."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேறு என்ன சொல்ல? என் தம்பி கீழே இருக்கிறான் என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

ஜனவரியில் விசாரணை. செனட் கட்டடத்தின் தாழ்வாரத்தில் கேமராக்காரர்கள் கூட்டம். லைல் புது சூட்டில், புதிதாய்ப் பல் விளக்கிய சிரிப்போடு நின்றிருந்தார். சிட்னி அவர் தோளில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் கதவு திறந்துவிடும். எனக்குப் பொறுக்கவில்லை, பக்கத்தில் போனேன்.

"மிஸ்டர் ஹேம்ப்ரிக், ஒண்ணு தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன்."

"கடைசி நேரத்துல என்னங்க இது!" என்று சீறினாள் சிட்னி.

நான் அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. "உள்ள நீங்களும் கேள்வி கேக்கலாம். தெரியலன்னா கேளுங்க. அன்னைக்கு நான் சுத்தியலால அடிச்சிருக்கக் கூடாது."

"அப்ப மத்த பாடமெல்லாம்?" என்றார் லைல்.

"அதெல்லாம் சரிதான். இது ஒண்ணுதான் தப்பு."

ஒழுங்கை நான் மீறினேனா இல்லையா என்று ஓடெலும் நானும் இன்றுவரை சண்டை போடுகிறோம். ஏரியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை என்பது என் கட்சி. வக்கீலுக்கே பாடம் எடுக்காதே என்பது அவர் கட்சி.

உள்ளே முதல் ஒரு மணி நேரம் என் பயிற்சி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. லைல் எல்லாரையும் மெச்சினார், எல்லாவற்றையும் ஆழமாகப் பார்ப்பதாகச் சொன்னார். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது. பிறகு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு செனட்டர் க்விம்பி வந்தார். கென்டக்கிக்காரி. நான் ஒத்திகையில் கட்டிய வேஷமே அந்த அம்மாளுடையதுதான்.

"பெர்ரிமன் ஏரிய மழைக்கு முன்னாடி எறக்குவீங்களா, மிஸ்டர் ஹேம்ப்ரிக்?"

"நல்ல கேள்வி, செனட்டர்" என்றார் லைல். அடுத்து வர வேண்டியது வரவில்லை. பிடரி சிவந்தது. தண்ணீரை எடுத்துக் குடித்தார். "செனட்டர், நான் ஒண்ணு கேக்கலாமா? அணைக்குக் கீழ யாராச்சும் குடியிருக்காங்களா?"

அறையில் ஒரு சலசலப்பு. க்விம்பி அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "ஸ்லேட் ஃபோர்க்னு ஒரு ஊரே இருக்கு. ஏறக்கொறைய நாலாயிரம் பேரு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க. யாரும் சொல்லல." அவர் பின்னால் திரும்பவில்லை, ஆனால் எனக்கு முகம் சுட்டது. "அணையில விரிசல் உண்மையா?"

"உங்க துறைப் பொறியாளர்களே எழுதியிருக்காங்க."

"அப்பறம் இதுல கேக்க என்னங்க இருக்கு? எறக்கணும். எறக்குவேன்."

"ஏப்ரல்ல அங்க உங்க மீன் போட்டி இருக்குன்னு கேள்விப்பட்டேனே?"

"ஆமா. இனிமே இருக்காது" என்றார் லைல். "மீனுக்கு ஒண்ணும் ஆகாது செனட்டர், ஆத்தோட போயிடும். ஆளுங்க அப்படிப் போக முடியாதில்ல?"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. சிட்னி வோஸ் போனை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போவதைப் பார்த்தேன். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நான் அப்படியெல்லாம் அழுகிறவள் இல்லை. ஓடெல் தன் கைக்குட்டையை நீட்டினார். அழுக்குக் கைக்குட்டை, இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அதிபரின் கைபேசியிலிருந்து அறிவிப்பு வந்தது. லைல் அருமையான மனிதராம், ஆனால் மீன் பிடிக்கத்தான் லாயக்காம், அதனால் நியமனம் வாபஸ். எங்கள் கட்டடத்தில் ஒரு மாதமாக நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததும் அதேதான். வரப்போகிற அதிபரும் நானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவோம் என்று கனவிலும் நினைத்ததில்லை.

உண்மையைச் சொன்னால், அன்று வாக்கெடுப்புக்கு வந்து, எனக்கும் ஒரு ஓட்டு இருந்திருந்தால் லைலுக்கு எதிராகத்தான் நான் கை தூக்கியிருப்பேன். கால்வாய்ச் சுங்கம் என்றால் என்னவென்று கடைசிவரை அவருக்குப் புரியவில்லை. நல்ல மனசை வைத்து அணை கட்ட முடியாது. ஆனால் முப்பது வருட நிபுணர்கள் நாங்கள் எத்தனை பேர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம், 'இறக்குவேன்' என்ற அந்த ஒரு சொல்லை எங்களில் யாரால் சொல்ல முடிந்தது?

மறுநாள் காலையில் அமைச்சர் ஆப்டன் எங்களைக் கூப்பிட்டார். அறையில் பெட்டிகள், சுவரில் அதிபர் படத்தைக் கழற்றிய இடத்தில் வெறும் ஆணி.

"அவங்க ஆளே எறக்குவேன்னு சொல்லிட்டாரு, அதுவும் சத்தியப் பிரமாணம் பண்ணி, நாடே பாக்க" என்றார். "இனிமே நான் கையெழுத்துப் போட்டா வர்றவர் கையக் கட்டினதாகாதுல்ல, ஓடெல்?"

"ஆகாது சார்."

"அப்பறம் நான் போடலன்னு வைங்க, மீன் பிடிக்கிறவருக்கு இருந்த தைரியம்கூட இவனுக்கு இல்லன்னு பேசுவாங்க."

"இப்பவே பேசுறாங்க சார்" என்றார் ஓடெல்.

ஆப்டன் பேனாவைத் தேடினார். அதையும் பெட்டியில் போட்டுக் கட்டியாயிற்று. ஓடெல்தான் தன்னுடையதைக் கொடுத்தார். பெர்ரிமன் விஷயம் என்பதால் நான் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம் கேட்டதாக நான் சொன்னால் ஓடெல் நம்புவதில்லை. எனக்குக் கேட்டது.

புது அதிபர் பதவியேற்றார். எங்களுக்கு அமைச்சராக வந்தவர் கோல்ஃப் வண்டி விற்பவர். அவர் வந்து நாற்காலியைச் சரிசெய்துகொள்வதற்குள் மதகு திறந்து, தண்ணீர் பாதி இறங்கியிருந்தது. இறங்கிய தண்ணீரை யாராலும் திரும்ப ஊற்ற முடியாது என்பதை மட்டும் அவரே புரிந்துகொண்டார்.

பிப்ரவரியில் லைல் கூப்பிட்டார். விளம்பரம் கொடுத்தவர்களில் பாதிப் பேர் ஓடிவிட்டார்களாம். போட்டியை டென்னசியில் ஒரு ஏரிக்கு மாற்றிவிட்டாராம். "டார்லாவுக்கு நல்ல சந்தோஷம் மேடம். கேட்டா நேராப் பதில் சொல்றேனாம்." ஏரிக்கரை வீட்டுக்காரர் ஒருவர் பெட்ரோல் பங்கில் வைத்து அவரைக் கண்டபடி திட்டினாராம். அதைச் சொல்லும்போதும் அதே சிரிப்பு. என் தம்பியைப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க" என்றார். சொல்லக் கூடாது என்ற ஒழுங்கை விளக்கினேன். அவருக்குக் கடைசிவரை அது பிடிபடவில்லை. விளக்க விளக்க எனக்கும் பிடிபடாமல் போனது.

மார்ச் மாதம் மழை வந்தது, நல்ல கனத்த மழை. இரண்டாம் நாள் டெல்பர்ட்டைக் கூப்பிட்டேன்.

"அணை எப்படியிருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு. தண்ணி எங்கயோ கெடக்கு. நேத்து ஓப்பல் கட்டில கீழ எறக்கச் சொல்லிட்டா."

"எந்தக் கட்டில?"

"எங்க கட்டிலத்தான், வெர்னி. அணை விரிசல் விட்டதுல இருந்து வெள்ளத்துக்குப் பயந்து மாடியில பையன் ரூம்லதானே படுத்துக் கெடந்தோம். முட்டி வலியோட தெனமும் படி ஏறுவா பாவம். உன்கிட்ட சொன்னா கவலப்படுவன்னு சொல்லல."

"கீழ நல்லாத் தூங்குனீங்களா?"

"நான் கும்பகர்ணன்தான், உனக்குத் தெரியாதா? அவதான் பொட்டுத் தூக்கமில்ல. ரெண்டு வருஷம் கழிச்சு ஆத்துச் சத்தம் ஜன்னல் வழியா நல்லாக் கேக்குதாம். விடிய விடிய அதக் கேட்டுக்கிட்டு, காலை நீட்டிப் படுத்திருந்தா."